பதினேழாம் வள்ளத்தின் நாலாவது ஆள்

காலை எட்டே முக்காலுக்கு டிலுசாவின் இருதயம் முதல் தடவை நின்றது. அன்றைக்கு அது மொத்தம் ஏழு தடவை நின்றதாகப் பிறகு அவள் சொன்னாள். பக்கத்தில் நின்று பார்த்த சுகந்தினியோ பதினொரு தடவை என்று அடித்துச் சொல்கிறாள். இரண்டையும் கூட்டிப் பதினெட்டு என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கும் மனக்குறை இல்லை.

நின்றதற்குக் காரணம் கணினித் திரையில் சிவப்பாய் எரிந்த ஒரேயொரு வரி.

வள்ளம் 17. போனது 4. வந்தது 3.

முல்லைத்தீவுக் கரையில், மணலில் பாதி புதைந்த ஒரு தகரக் கூரை அறைதான் அந்தக் கடற்றொழிலாளர் சங்கத்தின் அலுவலகம். ஒரு மேசை, இரண்டு கதிரை, காற்றைத் தவிர எல்லாவற்றையும் தரக்கூடிய ஒரு மின்விசிறி. சங்கத்தில் நாற்பத்திரண்டு வள்ளங்கள். ஒவ்வொன்றும் கடலுக்கு வெளிக்கிடும்போது எத்தனை பேர் போகிறார்கள் என்றும், திரும்பிக் கரைக்குக் கிட்ட வந்து தொலைபேசிக்குச் சிக்னல் எடுபட்டதும் எத்தனை பேர் வருகிறார்கள் என்றும் சங்கத்து இலக்கத்துக்கு ஒரு குறுஞ்செய்தி போடவேண்டும். செய்தி நேரே கணினிக்குள் போய்விடும். அதை வாசித்து, போன தலையையும் வந்த தலையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பக்கத்தை எழுதியவள்தான் டிலுசா. வயது இருபத்தைந்து. கிளிநொச்சியில் இரண்டு வருடம் கணினி படித்து, ஜாவாஸ்கிரிப்டைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தாள். குடித்ததில் பாதி கொட்டுப்பட்டிருக்கலாம்.

எழுதுவது சுகமாக இருந்தது. மனிசர்தான் பாடாய்ப் படுத்தினார்கள். "வள்ள இலக்கத்தையும் ஆள் இலக்கத்தையும் மட்டும் போடுங்கோ" என்று கூட்டம் வைத்துக் கும்பிட்டுக் கேட்டிருந்தாள். நாற்பத்திரண்டு வள்ளக்காரரும் தலையாட்டினார்கள். மறுநாள் நாற்பத்திரண்டு கடிதம் வந்தது. "17ம் வள்ளம், 3 பேர் வெளிக்கிட்டம், கடல் வடிவாக் கிடக்கு." "9 வள்ளம் 2 பேர் வாறம், சுகந்தினி அக்கா, தேத்தண்ணி வையுங்கோ." ஒருவர் தன் மாமியாரோடு பட்ட சண்டையை முழுக்க எழுதி, அதற்கு நடுவில் எங்கோ ஓரிடத்தில் ஆள் கணக்கைச் சொருகியிருந்தார்.

முதலில் டிலுசா ஒரு குறுக்கு வழி பார்த்தாள். செய்தியில் இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் வழித்து எறி என்றாள். கணினி சொன்னதைச் செய்தது. இடையில் இருந்த சொற்கள் போய்விட, பதினேழும் மூன்றும் முட்டிக்கொண்டு ஒட்டின. 173 பேர் வள்ளத்தில் போயிருக்கிறார்கள் என்று திரை காட்டியது. சங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. ஒரு கிழமை வரைக்கும் முல்லைத்தீவுச் சந்தையில் அவளைக் கண்டவர்கள் எல்லாரும், "பிள்ளை, கப்பல் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்கள்.

பிறகுதான் சரியான வழியைக் கண்டுபிடித்தாள். பின்பக்கம் சாய்ந்த ஒரு கோடு, அதற்குப் பக்கத்தில் சின்ன ஆங்கில 'டி', அதன் வாலில் ஒரு கூட்டல் குறி. அவ்வளவுதான். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இலக்கங்களை ஒரு கூட்டமாகப் பிடி, இடையில் எழுத்து வந்தால் அடுத்த கூட்டத்துக்குப் போ என்று அதற்கு அர்த்தம். மீனவன் மகளுக்கு அது வலையாகவே தெரிந்தது. கண் அளந்து கட்டிய வலை. எழுத்துகள் கண்ணுக்குள்ளால் வழுக்கிப் போகும், இலக்கங்கள் மட்டும் செவுளில் மாட்டும். முதலில் மாட்டுவது வள்ளம், இரண்டாவது ஆட்கள். வழுக்கிப் போனதை அவள் சேமித்துக்கூட வைக்கவில்லை. கடல் வடிவாகக் கிடக்கிறது என்பதைச் சன்னலால் எட்டிப் பார்த்தாலே தெரியுமே!

கணக்குப் பிழைத்தால் வரி சிவக்கும். சிவந்து பத்து நிமிடத்தில் சிக்னல் எடுபடும் தூரத்தில் கடலில் நிற்கும் எல்லா வள்ளத்துக்கும் கணினி தானாகவே செய்தி அனுப்பும்: 'ஆள் ஒருவரைக் காணவில்லை, தேடவும்.' அதை உடனே அனுப்ப ஒரு பொத்தான் இருந்தது, தடுக்க இன்னொன்று. 'நிற்பாட்டு.'

இப்போது வரி சிவந்திருந்தது. பத்து நிமிடம் ஒன்பதரை நிமிடமாக இறங்கியிருந்தது. பதினேழாம் வள்ளம் டிலுசாவின் தகப்பன் அல்பேர்ட்டினுடையது.

அந்த வள்ளத்தில் எட்டு வருடமாக மூன்று பேர்தான். அப்பா, அண்ணன் யூட்சன், சித்தப்பா றொமேஸ். நாலாவது ஆள் ஏறியதே இல்லை. இன்றைக்கு விடிய நாலு பத்துக்கு நாலு பேர் என்று செய்தி வந்திருக்கிறது. ஆர் அந்த நாலாவது ஆள்?

கேள்வி மனதில் எழும்ப முன்னமே பதில் அவளுடைய வயிற்றுக்குள் வந்து குந்திவிட்டது. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஐஸ் பெட்டிக்குள் வைத்த பாரை மீன் மாதிரி விறைத்துப் போனாள்.

ஜெயந்தன்.

கிளிநொச்சியில் அவளோடு கணினி படித்தவன். இரணைமடுக் குளத்துக்குக் கீழே குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்யும் யோகநாதனின் மகன். அவர்கள் கோயில் வேறு, இவர்கள் கோயில் வேறு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அல்பேர்ட்டுக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. பெடியன் உப்புத்தண்ணி கண்டவன் இல்லை. ஒருநாள் வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் கால் வழுக்கி விழுந்து, மூன்று பேர் சேர்ந்து தூக்கி, தூக்கிய மூன்று பேரும் நனைந்து, அவன் மட்டும் மயங்கியவன். இந்தக் கதை எப்படியோ A9 வீதியில் ஏறி, பரந்தனில் திரும்பி, முல்லைத்தீவு வரைக்கும் வந்துவிட்டது.

போன மாதம் இரவுச் சாப்பாட்டில் அல்பேர்ட் மீன் முள்ளை எடுத்தபடி ஆறுதலாகச் சொன்னார்: "ஆரோ ஒரு வயல்காரப் பெடியனாம். வரட்டும். கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறன். திரும்பி வந்தானெண்டால் மிச்சத்தைக் கதைப்பம்."

"அப்பிடி ஒருத்தரும் இல்லை அப்பா" என்றாள் டிலுசா.

"அந்தோனியார் சத்தியமாச் சொல்லு."

வீட்டில் சுவரில் தொங்கிய அந்தோனியாரைப் பார்த்து, கண்ணை இமைக்காமல் சத்தியம் செய்தாள். அந்தோனியார் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் ஜெயந்தனின் செய்தி வந்தது. "நாளைக்கு விடிய வாறன். உன்ர அப்பாவோட நேரை கதைக்கப்போறன். கடலுக்கு வா எண்டு கூப்பிட்டாலும் ஏறுவன். நீ பயப்பிடாதை." அதற்குப் பிறகு அவனுடைய தொலைபேசி அணைந்து கிடக்கிறது. பயப்படாதே என்று சொன்னவுடன்தான் பயப்படவேண்டும் என்பது டிலுசாவுக்குப் புரிந்திருக்கவேண்டும்.

எட்டு நிமிடம் ஐம்பது செக்கன்.

அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். அணைந்திருந்தது. யூட்சனின் தொலைபேசி நேற்றுக் கடலில் விழுந்து, இன்னும் வீட்டில் அரிசி வாளிக்குள் படுத்திருந்தது. றொமேஸ் சித்தப்பா தொலைபேசி என்றால் மனிசரைப் பிடிக்கிற தூண்டில் என்று சொல்லி வாங்கவே மறுத்தவர். ஜெயந்தனுக்கு எடுத்தாள். பதினைந்தாவது தடவையும் அதே பெண்குரல், அதே இரக்கமில்லாத மரியாதை.

அவளுக்குக் கண் முன்னால் எல்லாம் நடந்தது. நாலு மணி இருட்டு. அலை. தோளில் எஞ்சினோடு அப்பா. காலில் பளபளவென்று சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஜெயந்தன். "வணக்கம் ஐயா." "ஓ, நீயோ? ஏறு தம்பி, ஏறு." பிறகு நடுக்கடல். ஒரு அலை. அப்பா தள்ளியிருக்க மாட்டார். தள்ளவே மாட்டார். ஆனால் அவன் விழும்போது கை நீட்டியிருப்பாரா? ஒரு செக்கன் யோசித்திருந்தால்? கடலில் ஒரு செக்கன் என்பது கரையில் ஒரு வருடம். வந்தது மூன்று. கணினிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"என்ன பிள்ளை, பேயடிச்ச மாதிரி நிக்கிறாய்?"

வாசலில் சுகந்தினி. சங்கத்தின் செயலாளர். அவள் மெதுவாகக் கதைத்தால் கரை முழுக்கக் கேட்கும், சாதாரணமாகக் கதைத்தால் பூநகரிக் களப்பில் இறால் துள்ளும். கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்காமல் சங்கம் மிச்சம் பிடிப்பது இவளால்தான்.

டிலுசா திரையை மறைக்கப் பார்த்தாள். சுகந்தினி அவளை ஒரு கையால் தள்ளிவிட்டு வாசித்தாள்.

"ஐயோ, கொப்பற்ற வள்ளம்! நாலு போய் மூண்டு... எடி, அதில மூண்டு பேர்தானே போறது? நாலாவது ஆர்?"

"தெரியாது அக்கா."

அதுவும் பொய். ஒரு மாதத்தில் இரண்டு.

சுகந்தினி மூச்சை விட்டாள். "சரி, அப்ப உன்ர மிசினுக்குத்தான் விசர். நூற்றி எழுபத்து மூண்டு பேரை ஏத்தின மிசின்தானே! நிற்பாட்டு, நிற்பாட்டு. சும்மா கடலில நிக்கிற சனத்தை வெருட்டாதை."

ஏழு நிமிடம்.

கணினிப் பிழை! டிலுசாவுக்கு அந்தச் சொல் தேனாய் இனித்தது. பிழையாக இருக்கட்டும். தன் நிரல் கேவலமாக, வெட்கம் கெட்ட முறையில் பிழைத்திருக்கட்டும். ஊரே கைகொட்டிச் சிரிக்கட்டும். அவளே முன்னால் நின்று சிரிப்பாள். ஒரு பொய்ச் செய்தியைத் தட்டி உள்ளே விட்டாள். "17ம் வள்ளம் 3 பேர் வெளிக்கிட்டம்." கணினி பிடித்துத் தந்தது: 17, 3. சரி. மாற்றி எழுதினாள். "நாங்கள் 17 வள்ளம், காற்றுக் கொஞ்சம் கூட, 3 பேர்." 17, 3. சரி. எழுத்தை முன்னே போட்டாள், பின்னே போட்டாள், புள்ளியும் கோடும் போட்டாள். வலை ஒரு கண்கூட அறுந்திருக்கவில்லை. தன் வேலை இவ்வளவு நன்றாக இருப்பதைப் பார்த்து இவ்வளவு நடுங்கியவள் உலகத்தில் வேறு ஒருத்தி இருக்கமாட்டாள்.

அப்படியென்றால் விடிய வந்த செய்தியில் நாலு என்று இருந்தது உண்மை. அந்த இலக்கத்தைச் சுற்றி வேறென்ன சொற்கள் இருந்தன? அது ஒருவருக்கும் தெரியாது. அதை அவளே எறிந்துவிட்டாள்.

ஐந்து நிமிடம் இருபது செக்கன்.

"என்னடி யோசிக்கிறாய்? பொத்தானை அமத்தன்!" என்றாள் சுகந்தினி.

அமத்தினால் முடிந்தது. சிவப்பு மறையும். ஆர் நாலாவது ஆள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவளுடைய சத்தியம் சத்தியமாகவே இருக்கும். அவன் மட்டும் அங்கே, அந்தப் பச்சைத் தண்ணீருக்குள், சப்பாத்தோடு...

அமத்தாமல் விட்டால் கரை முழுக்கக் கேட்கும். ஆரைத் தேடுகிறோம்? பெயர் என்ன? என்ன உயரம்? என்ன உடுப்பு? அவள் சொல்லவேண்டும். அம்மாவுக்கு முன்னால், சுவாமியாருக்கு முன்னால், நாற்பத்திரண்டு வள்ளத்துச் சனத்துக்கும் முன்னால்.

மேசையில் சங்கத்துக் கலண்டரில் அந்தோனியார் நின்றார். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர். அவள் நாலு வயதில் தொலைத்த காதுத் தோட்டை மீன் வயிற்றுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தவர் என்று வீட்டில் இன்னும் கதை. "அந்தோனியாரே, உம்மை வைச்சுப் பொய்ச்சத்தியம் பண்ணினனான். என்னை என்னவும் செய்யும். காணாமல் போன ஆளை மட்டும் காட்டும்."

நாலு நிமிடம் மிச்சம் இருக்கும்போதே அவள் பொத்தானை அமத்தினாள். நிற்பாட்டுகிற பொத்தானை அல்ல. உடனே அனுப்புகிற பொத்தானை.

"அக்கா, மணியடிக்கச் சொல்லுங்கோ. ஆள் கடலுக்கை. அவருக்கு நீந்தத் தெரியாது. பேர் ஜெயந்தன். கிளிநொச்சி. உயரம், மெலிவு. நீலச் சேட்டுத்தான் போட்டிருப்பார், என்னைப் பாக்க வரேக்கை அதைத்தான் போடுறவர்."

கடைசி வசனம் தேவையில்லாதது. ஆனால் வாய்க்கு வலை கிடையாதே, எல்லாம் வெளியே வந்துவிட்டது.

சுகந்தினி ஒரு கத்துக் கத்தினாள். அன்றைக்குப் பளைப் பக்கம் தேங்காய் விழுந்ததென்றால் அதற்கும் காரணம் அதுதான். கோயில் மணி அடித்தது. கடலில் நின்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாய் மூக்கைத் திருப்பின. கரையில் கிடந்த வள்ளங்களைப் பெண்களும் ஆண்களுமாய்ச் சேர்ந்து இறக்கத் தொடங்கினார்கள். கருவாட்டுப் பாயை விட்டுவிட்டு, கையெல்லாம் உப்போடு, டிலுசாவின் தாய் புனிதமலர் ஓடி வந்தாள்.

"ஆரடி? ஆருக்கு என்ன? கொப்பருக்கோ? கொண்ணனுக்கோ?"

"இல்லையம்மா. ஜெயந்தன்."

"அது ஆர்?"

"நான் இல்லையெண்டு சத்தியம் பண்ணின ஆள்."

புனிதமலர் அப்படியே மணலில் குந்தினாள். திட்டவில்லை. அதுதான் டிலுசாவை இன்னும் பயமுறுத்தியது. அம்மா திட்டாத நாள் என்று ஒன்றை அவள் கண்டதே இல்லை.

கிழக்கே ஒரு கரும்புள்ளி தெரிந்தது. புள்ளி வள்ளமாயிற்று. பக்கத்தில் 17 என்று வெள்ளை எழுத்து. டிலுசா தலைகளை எண்ணினாள். பின்னால் எஞ்சினைப் பிடித்தபடி அப்பா. நடுவில் யூட்சன். வலைக் குவியலில் சித்தப்பா. திரும்ப எண்ணினாள். வலைக் குவியலுக்குப் பின்னால் ஆராவது படுத்திருக்கலாமே என்று எக்கிப் பார்த்து எண்ணினாள். எப்படி எண்ணினாலும் மூன்று. இருதயம் நின்றது. எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியாது.

செருப்போடு தண்ணீருக்குள் ஓடினாள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. அலை ஒன்று முகத்தில் அடித்தது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உப்புத்தண்ணியைத் துப்பித் துப்பிக் கத்தினாள்.

"எங்கை அவர்? அப்பா, எங்கை அவர்?"

அல்பேர்ட் எஞ்சினை நிறுத்தினார். கோயில் மணி, கரை முழுக்கச் சனம், நெஞ்சளவு தண்ணியில் மகள். அவருடைய முகமும் வெளிறியிருந்தது. "ஆளைத் தேடச்சொல்லிச் செய்தி வந்ததெண்டு ஒன்பதாம் வள்ளக்காரன் கத்தினவன். ஆரைக் காணேல்லை?"

"உங்கட வள்ளத்திலதான்! நாலு பேர் போனனீங்கள். மூண்டு பேர்தான் வந்திருக்கிறியள். நாலாவது ஆள் எங்கை அப்பா? என்ன செய்தனீங்கள் அவரை?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நாலாவது ஆளோ?" என்றார் அல்பேர்ட். பிறகு மெதுவாகத் திரும்பி, வள்ளத்தின் முன்மூக்கைக் காட்டினார். "அங்கைதானே இருக்கிறார். அவர் எங்கை போவார்?"

முன்மூக்கில், ஆணியடித்த சின்னக் கண்ணாடிச் சட்டத்துக்குள், கடல் தண்ணி வடிய வடிய அந்தோனியார் இருந்தார்.



"அவரைக் கூட்டித்தான் சொல்லுறனாங்கள்" என்றார் அல்பேர்ட். "போகேக்கை கடலுக்குச் சரியான கணக்குக் குடுக்கிறேல்லை. என்ர அப்பு காலத்தில இருந்தே எங்கட வள்ளத்தில அதுதான் வழமை. ஆர் கேட்டாலும் அந்தோனியாரோட ஒரு ஆள் கூட. விடியச் செய்தியும் அப்பிடித்தான் போட்டனான். 'அந்தோனியாரோட 17 வள்ளம் 4 பேர் வெளிக்கிட்டம்.' அதை எழுதி முடிக்கக் கால்மணித்தியாலம் எடுத்தது. வாசிக்கேல்லையோ நீ?"

அந்தோனியாரோடு என்ற சொல் அவளுடைய வலைக்கண்ணுக்குள்ளால் எவ்வளவு வழுக்கலாய்ப் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"வரேக்கை அப்பான்ர போனில நான்தான் போட்டனான்" என்றான் யூட்சன். "மற்ற நாள் போற செய்தி, வாற செய்தி ரெண்டும் என்ர போனில நான் போடுறது. இண்டைக்கு அப்பா தானே விடியப் போட்டிட்டார். நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரித் தலையை எண்ணிப் போட்டன். அதோட அந்தப் போனும் செத்துப் போச்சு."

கரையில் மணலில் இருந்த புனிதமலருக்குத் திட்டும் வலிமை திரும்பி வந்தது. "எடி, சின்னனில இருந்து உந்தக் கணக்கைக் கேட்டு வளந்தனி. இலக்கத்தில பாத்தவுடனை மறந்திட்டியோ?"

உண்மையில் மறந்துதான் போனாள். அப்பா வாயால் சொன்னால் நாலில் ஒன்று அந்தோனியார் என்று தூக்கத்திலும் தெரியும். திரையில் வந்த நாலு வெறும் நாலாகவே நின்றது.

அல்பேர்ட் வள்ளத்திலிருந்து இறங்கினார். இறங்கி, மகளின் பக்கத்தில் நின்று, கரைக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"அப்ப நீ ஆரைத் தேடினனி?"

டிலுசாவின் இருதயம் திரும்பவும் நின்றது. பதில் சொல்ல முன்னமே இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தள்ளுங்கோ அண்ணை, தள்ளுங்கோ! ஆள் தண்ணிக்குள்ள தாண்டு போகப்போறான்!"

ஒன்பது பேர் சேர்ந்து ஒரு வள்ளத்தை அலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் இடுப்பளவு தண்ணியில், சப்பாத்தோடு, ஒவ்வொரு அலைக்கும் கண்ணை இறுக்க மூடி மூடித் திறந்துகொண்டு, மற்ற எட்டுப் பேரையும்விடப் பலமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். நீலச் சேட்டு.

"ஜெயந்தன்!"

அவன் திரும்பினான். அந்த நேரம் பார்த்து வந்த அலை அவனைக் குப்புற விழுத்தியது. யூட்சன் போய்க் கழுத்துப் பட்டியில் பிடித்துத் தூக்கி, அப்படியே கொண்டுவந்து தகப்பனுக்கு முன்னால் நிறுத்தினான்.

நடந்தது இவ்வளவுதான். விசுவமடுவில் அவனுடைய மோட்டார்சைக்கிள் சில்லுக் காற்றுப் போய்விட்டது. தொலைபேசி முதல் நாள் இரவே சார்ஜ் இல்லாமல் செத்துவிட்டது. உருட்டிக்கொண்டு வந்து, ஒட்டி, கரைக்கு வந்து சேர்ந்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆர் விழுந்தது என்று கேட்டிருக்கிறான். ஆரோ கிளிநொச்சிப் பெடியனாம், நீந்தத் தெரியாதாம் என்றிருக்கிறார்கள். ஐயோ பாவம், தாய் தகப்பன் என்ன பாடுபடுங்கள் என்று சொல்லிவிட்டு, தன்னைத் தானே தேட இறங்கிவிட்டான்.

விஷயம் கரைக்கு விளங்கியதும் கரை சிரித்த சிரிப்பில் கொக்குகள் நந்திக்கடலுக்கு இடம்மாறிப் போயின. அல்பேர்ட் மட்டும் சிரிக்கவில்லை.

"நீந்தத் தெரியுமோ?"

"தெரியாது ஐயா."

"பிறகென்ன துணிவில இடுப்புத் தண்ணிக்குள்ள நிண்டனீர்?"

ஜெயந்தனுக்குப் பல் கிடுகிடுத்தது. குளிரா, தண்ணியா, அல்பேர்ட்டா என்று சொல்வது கஷ்டம். "பயம்தான் ஐயா. ஆனா ஒருத்தன் தாண்டு போறான் எண்டேக்கை, கரையில நிண்டு பாக்கேலுமோ?"

அல்பேர்ட் அவனைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். பிறகு முன்மூக்கைப் பார்த்தார்.

"அவற்ற பேரில பொய்ச்சத்தியம் பண்ணினனி. பாத்தியோ, அவரே நாலாவது ஆளா நிண்டு உன்னைப் பிடிச்சுக் குடுத்திட்டார்." தோளில் எஞ்சினைத் தூக்கினார். "தம்பி, இண்டைக்கு றொமேஸ் வீட்டில படும். நாளைக்கு விடிய நாலு மணிக்குக் கரைக்கு வாரும். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாரும்."

அன்று இரவு டிலுசா நிரலைத் திருத்தினாள். வலை அதே வலைதான். இலக்கத்துக்குப் பக்கத்தில் செய்தி முழுவதையும், ஒரு எழுத்துக்கூட விடாமல், காட்டும்படி செய்தாள். பிறகு தூங்கவில்லை. நாலு மணி எட்டு நிமிடத்துக்குத் திரையில் வந்தது: வள்ளம் 17, போனது 5. பக்கத்தில், 'அந்தோனியாரோட 17 வள்ளம் 5 பேர். கடல் கொஞ்சம் துள்ளுது.'

துள்ளுகிறதாம். அந்த ஒரு சொல்லை ஏன் காட்டச் செய்தோம் என்று விடியும்வரை தன்னையே ஏசினாள்.

எட்டு ஐம்பதுக்கு வரி சிவந்தது.

வள்ளம் 17. போனது 5. வந்தது 3.

பத்து நிமிடம் ஓடத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற சுகந்தினி விரல் விட்டு எண்ணினாள். "ஐஞ்சில ஒண்டு அந்தோனியார். அப்ப நாலு. நாலில மூண்டு..." முதல் தடவையாக அவளுடைய குரல் அறைக்கு வெளியே கேட்கவில்லை.

டிலுசாவின் கை பொத்தானுக்குப் போய்விட்டது. போன கையை அவளே பிடித்து நிறுத்தினாள். கண்ணைச் சிவப்பிலிருந்து பிடுங்கி எழுத்துக்குக் கொண்டுபோனாள்.

'17 வள்ளம் 3 பேர் சுகமா வாறம். உன்ர ஆள் அரை உயிரில கிடக்கிறார். ராத்திரித் திண்ட புட்டு முழுக்கக் கடலுக்குக் குடுத்தாச்சு, முல்லைத்தீவு மீனெல்லாம் எங்களுக்குப் பின்னாலதான் வருது. ஆனா வலையை விடேல்லை. சத்தி எடுத்து எடுத்து இழுத்தவர். ஆள் பரவாயில்லை எண்டு அப்பா சொல்லுறார். நல்லாப் புளிக்கத் தேசிக்காய்த் தண்ணி கரைச்சு வைக்கட்டாம்.'

இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாம் தடவை சுகந்தினி வாசித்தாள். கரை முழுக்கக் கேட்டது.

டிலுசா 'நிற்பாட்டு' என்பதை அமத்திவிட்டு, வாசலுக்கு வந்தாள். கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக் கடலைப் பார்த்தபடி தாய் நின்றாள்.

"அம்மா! தேசிக்காய்த் தண்ணி கரைக்கட்டாம்!"

"எத்தனை பேருக்கடி?"

டிலுசா ஒரு கணம் எண்ணினாள்.

"ஐஞ்சு பேருக்கு."